தனிக்கு எழுந்திருக்காதீர்கள்

சனிக்கிழமை ராத்திரி கேட்டுவிட்டு வந்தது இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. ராதாகிருஷ்ணன் சாலைப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குள் இருக்கும் சின்ன கிளப்பில் மூன்று மெட்டல் பேண்டுகள் வாசித்தார்கள். மூன்றின் பெயரையும் அன்றுதான் கேள்விப்பட்டேன். வந்திருந்தவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் நின்றுகொண்டே கேட்டார்கள். ஒருவர்கூட நடுவில் எழுந்து போகவில்லை, அதாவது நகர்ந்து போகவில்லை. இதை எழுதும்போது எனக்கு எத்தனை சந்தோஷம், அதற்கு அடியில் எந்தப் பழைய கோபம் இருக்கிறது என்பதை இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் ஊகித்துவிடுவார்கள். அந்தக் கோபத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கூட்டிக்கொண்டு போனது அக்கா மகன். அவன் வாசிப்பவனில்லை, வாசிப்பவர்களுக்கு ஆம்ப் தூக்குகிறவன், வயர் சுருட்டுகிறவன். பகலில் தரமணியில் வேலை. சனிக்கிழமையானால் யாருடைய காரிலாவது டிரம்ஸை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவான். "சித்தி, காதுல பஞ்சு வச்சுக்குங்க. மேடைக்கு நேர் எதிர்ல மட்டும் நிக்காதீங்க, பசங்க மோதிக்குவாங்க" என்று சொல்லித்தான் உள்ளே விட்டான். சுவரோரமாக ஓர் உயரமான ஸ்டூலும் பிடித்துக் கொடுத்தான். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு நான் அதில் உட்காரவில்லை.

இந்த இசை சென்னைக்குப் புதிதல்ல. ஐஐடியின் சாரங் விழாவில் 2009இல் ஸ்வீடனிலிருந்து ஓபத் வந்து வாசித்தார்கள். அடையாறு காந்தி நகரில் அன்வைண்ட் சென்டர் என்று ஓர் இடம் இருந்தது. பள்ளிக்கூடம் முடிக்காத பையன்கள்கூட அங்கே மேடை ஏறலாம். ஜூன் ராக் அவுட் என்ற விழாவுக்காக வருஷம் முழுக்கக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். மயிலாப்பூரில் சவேரா ஹோட்டலின் பே 146 இன்னொரு புகலிடமாக இருந்தது. பிளட் கவனன்ட், எஷர்ஸ் நாட் என்று இந்த ஊரிலேயே முளைத்த பேண்டுகள் உண்டு. கடல் தாண்டி, சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா பேண்ட், வேதாந்தத்தையே எடுத்துக்கொண்டு உறுமலில் பாடியது. ஆனால் பெரிய பெயர்கள் பெரும்பாலும் பெங்களூருக்குத்தான் வந்தன. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன், 2011 அக்டோபரில் மெட்டாலிகா. இங்கிருந்து பிள்ளைகள் ரயிலேறிப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். உள்ளூர் பேண்டுகளுக்கு மிஞ்சுவது இப்படிப்பட்ட சின்ன இடங்கள்தான். ஓர் இடம் மூடினால் இன்னோர் இடம் தேடிப் போகிறார்கள்.

முதல் பேண்டின் பாடகர் மெலிந்த பையன். மேடையின் ஓரத்தில் ஒரு ஃபிளாஸ்க். பாட்டுக்குப் பாட்டு அதிலிருந்து வெந்நீர் ஊற்றி, ஊதி ஊதிக் குடித்தான். நம் சபா மேடைகளில் எத்தனை வருஷமாகப் பார்த்துப் பழகிய காட்சி! அடுத்த நிமிஷம் அந்தத் தொண்டையிலிருந்து வந்த உறுமலில் ஸ்டூலே அதிர்ந்தது. அது வெறும் கத்தல் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புகளை அதிர வைத்து எழுப்பும் சத்தம் அது. முறையாகப் பழகாமல் நாலு பாட்டுப் பாடினால் மறுநாள் பேச்சு வராது. அந்தப் பையன் பாடி முடித்துவிட்டு, கீழே இறங்கி வந்து, சாதாரணக் குரலில், ரொம்ப மெதுவாக, "ஆன்ட்டி, சவுண்ட் ரொம்ப அதிகமா இருந்துச்சா?" என்று கேட்டான். இல்லைப்பா, பாடு என்றேன்.

இரண்டாவது பேண்டுக்கு டிரம்ஸ் வாசித்தது ஒரு பெண். இருபது வயதைத் தாண்டியிருக்கலாம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு இரண்டு பெடல்களிலும் கால் வைத்தாள். அவள் மிதிக்கிற வேகத்தில் பேஸ் டிரம் முன்னால் நகர்ந்துவிடும் என்று அக்கா மகன் எங்கிருந்தோ ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து அதற்கு முட்டுக் கொடுத்தான். மூன்றாவது பாட்டில் கிட்டார்காரர்கள் ஏழு அட்சரத்தில் ஒரு சொற்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுடைய இடது கை சின்னத் தாளத்தட்டில் நாலு நாலாக எண்ணிக்கொண்டிருந்தது. நான் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டேன். ஏழு ஒரு பக்கம் நழுவுகிறது, நாலு ஒரு பக்கம் நிற்கிறது, விலகி விலகிப் போய் இருபத்தெட்டில் இரண்டும் ஓரிடத்தில் வந்து விழுகின்றன. ஸ்வீடனின் மெஷுகா இந்த வித்தையில் பேர்போனவர்கள் என்று பிறகு அக்கா மகன் சொன்னான். எனக்கு அது கோர்வை வந்து சமத்தில் உட்காருகிற அதே நிறைவு. நாற்பது தலைகளும் அந்த ஒரே இடத்தில் குனிந்தன. கணக்குச் சொல்லிக் கொடுக்காமலே அத்தனை உடம்புக்கும் அது தெரிந்திருந்தது.

பிறகு கிட்டார்கள் நின்றன. மூன்று பேரும் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் மட்டும் வாசித்தாள், இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும். பார் கவுண்டரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த பையன் தட்டோடு அப்படியே நின்றுவிட்டான். மேடைக்கு முன்னால் மோதிக்கொண்டிருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு அவளுடைய கைகளையே பார்த்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாளை நினைத்துக்கொண்டேன். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் கற்று, பெண்கள் மிருதங்கத்தைத் தொடுவதையே ஊர் ஏற்காத காலத்தில் மேடையேறியவர். அவர் தனி ஆவர்த்தனம் வாசித்தபோது எத்தனை பேர் இப்படி நின்று பார்த்திருப்பார்கள்?

கடைசியில் மூன்று பேண்டுகளும் சேர்ந்து பிளாக் சப்பாத்தின் பாட்டு ஒன்றை வாசித்தார்கள். 2025 ஜூலை 5ஆம் தேதி பர்மிங்ஹாமில், பிறந்த ஊரிலேயே, கடைசிக் கச்சேரியை முடித்துக்கொண்டு அதே மாதம் 22ஆம் தேதி இறந்துபோன அதன் பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் நினைவாக. ஆனால் எனக்கு ஓஸியைவிட அவருடைய கிட்டார்காரர் டோனி அயோமியைப் பற்றித்தான் சொல்லத் தோன்றுகிறது. பர்மிங்ஹாமில் தகரம் வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்த பையன் அவர். பதினேழு வயது. வேலையைவிட்டு நிற்க வேண்டிய கடைசி நாளில் இயந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் எடுத்துவிட்டது. அவர் இடக்கைக்காரர், அதனால் தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். இனி கிட்டார் இல்லை என்று சோர்ந்து கிடந்தவருக்கு, தொழிற்சாலையின் மேஸ்திரி ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிப்போன பிறகும் வாசித்து உலகப் புகழ் பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு. அயோமி எழுந்து உட்கார்ந்தார். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரலுக்கு உறை செய்து, தந்தியில் பிடிப்பு வேண்டுமே என்று அதன்மேல் தோல் துண்டை ஒட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைப் போட்டார். பின்னாளில் வலி தாங்காமல் தந்தியின் இறுக்கத்தையும் தளர்த்தினார். தந்தி தளர்ந்தால் சுருதி இறங்கும், சத்தம் கனக்கும். 1970இல் வந்த முதல் இசைத்தட்டிலிருந்து சனிக்கிழமை ராதாகிருஷ்ணன் சாலையில் கேட்டதுவரை, இந்த இசையின் கனத்தில் பாதி அந்த விரல்களிலிருந்து வந்தது.

ஒரு தொழிலாளியின் விரல் நுனியில் ஒட்டிய தோல் துண்டு. அதை நினைத்துக்கொண்டே ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தபோது, என் மனது மெட்டலை விட்டுவிட்டு எங்கே போயிற்று என்று உங்களுக்குத் தெரியும். தோல் என்றால் எனக்கு மிருதங்கம்தான்.

இப்போது அந்தக் கோபம். போன மார்கழியில் எழுதினேன், அதற்கு முந்தைய மார்கழியிலும் எழுதினேன். மறுபடியும் எழுதுகிறேன். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகாதீர்கள். பாடகர் தாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்த அந்த நொடியில் சபாவில் நாற்காலிகள் மடங்குகிற சத்தம் கேட்கிறது. அடைக்கு நேரமாயிற்று, காப்பிக்கு நேரமாயிற்று, பஸ்ஸுக்கு நேரமாயிற்று. இரண்டு மணி நேரம் பாட்டுக்குப் பின்னால் நடந்த ஒரு மனிதருக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நிமிஷம். அந்த நேரத்தில் அவர் பார்ப்பது ரசிகர்களின் முதுகுகளை.

சின்ன வயதில் தி. நகரில் ஒரு மதியக் கச்சேரியில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மிருதங்கம் வாசித்தவர் இளைஞர். தனி தொடங்கும்போது கூடத்தில் முப்பது பேர். சதுஸ்ரத்தில் தொடங்கி, திஸ்ரத்துக்குப் போய், குறைப்பு முடித்து மோராவுக்கு வரும்போது ஏழெட்டுப் பேர்தான் மிச்சம். அந்தப் பையன் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. மோராவும் கோர்வையும் முழுசாக வாசித்துத்தான் பாடகரிடம் பாட்டைத் திருப்பிக் கொடுத்தார். கடைசி வரிசையில் என் அப்பா மட்டும் வாய்விட்டு "பலே" என்றார். அந்த இளைஞர் நிமிர்ந்து, குரல் வந்த திசையைப் பார்த்துக் கைகூப்பினார்.

பாலக்காடு மணி அய்யர் மைக்கே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர். மிருதங்கத்தின் நாதம் மைக் வழியாகப் போனால் கெட்டுப்போகிறது என்பது அவருடைய கட்சி. கிளப்பில் நான் கேட்ட சத்தத்துக்கும் அந்தக் கட்சிக்கும் எட்டாத தூரம். ஆனாலும் அவர் கேட்டது ஒன்றுதான்: கூடம் அமைதியாக இருக்கட்டும், காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். 1966இல் அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தார்கள். மியூசிக் அகாடமி அந்தப் பட்டத்தை மிருதங்கக் கலைஞர் ஒருவருக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. பாடகருக்குப் பக்கத்தில் உட்காருகிறவரும் வித்வான்தான் என்று ஒப்புக்கொள்ள அத்தனை காலம் ஆயிற்று.

அந்த மணி அய்யரின் நாதத்துக்குப் பின்னால் இன்னொருவர் இருந்தார். அவரை ஒப்புக்கொள்ள அதைவிடக் கூடுதல் காலம் ஆயிற்று. அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்து. பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தகத்தை இந்தப் பத்தியில் எத்தனையோ முறை சிபாரிசு செய்திருக்கிறேன். தமிழிலும் கிடைக்கிறது. இன்னும் வாங்காதவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். தஞ்சாவூர் செபாஸ்டியனில் தொடங்கும் ஒரு தலித் கிறிஸ்தவக் குடும்பத்தின் கதை அது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்தவர்கள். அவர்களையும், அவர்களைப் போல மற்ற ஊர்களில் இந்த வேலை செய்கிறவர்களையும் தேடிப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டு எழுதியிருக்கிறார் கிருஷ்ணா. பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் இல்லாமல் மிருதங்கம் இல்லை. அந்தத் தோலை வாங்கி, முகர்ந்து, தடவிப் பார்த்து, இது வலந்தலைக்கு, அதாவது மிருதங்கத்தின் வலது முகத்துக்கு, ஆகும், இது ஆகாது என்று சொல்லக்கூடிய அறிவு அவர்களுடையது. மணி அய்யர் வாசித்துப் பார்த்து இப்படி வேண்டும் என்பார். பர்லாந்து அதைக் கையால் கொண்டுவருவார். இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்த நாதம் அது. இதை ஒரு வித்வானின் மேதைமை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது பொய்.

2020இல் இந்தப் புத்தகத்தின் வெளியீட்டு விழா கலாக்ஷேத்ராவின் அரங்கில் நடப்பதாக இருந்தது. கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது. பிப்ரவரி 2ஆம் தேதி தரமணியில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில்தான் விழா நடந்தது. தோலைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேசினால் சங்கீதம் தீட்டுப்பட்டுவிடும் என்று நினைக்கிறவர்கள் வலந்தலையில் விரல் படும்போது எதைத் தொடுகிறோம் என்று ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கம் கலைந்ததும் எனக்கு ஒரே நினைப்பு. மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு மிருதங்கப் பட்டறைக்குப் போனேன். குறுகலான சந்து, ஒரே அறை. சுவரோரமாகப் பலாமரக் கட்டைகள் தோல் இல்லாமல் வாய் திறந்து நின்றன. பெரியவர் தரையில் உட்கார்ந்து ஒரு வலந்தலைக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடுகிற சோறேதான். குழைய வடித்த சாதத்தைக் கிட்டான் கல்லின் கரும்பொடியோடு சேர்த்துப் பிசைந்து வைத்திருந்தார். அதில் சுண்டைக்காய் அளவு எடுத்துத் தோலின் நடுவில் வைத்தார். கட்டைவிரலால் பரப்பி, வழவழப்பான ஒரு கல்லால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க ஈரம் போய்ப் பளபளப்பு ஏறியது. விரலால் ஒரு தட்டு, காதைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி ஒரு சுண்டைக்காய், மறுபடி தேய்ப்பு. ஒவ்வொரு அடுக்கும் காய்ந்து நுணுக்கமாக விரிசல் விட்டால்தான் தோல் அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு அதிரும். எத்தனை அடுக்கு என்று கேட்டேன். "கேட்டுக்கிட்டே போடணும்மா, எண்ணிக்கிட்டுப் போடக்கூடாது" என்றார்.

எந்த வித்வானுக்கு என்றும் கேட்டேன். பெயரைச் சொன்னார். இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். அவருடைய கச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா என்றேன். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாராம், கச்சேரி நாளில் வார் தளர்ந்தால் கூப்பிடுவார்களாம், மேடைக்குப் பின்னால் போய்ச் சரி செய்துவிட்டு வருவாராம். முன்னால் உட்கார்ந்து? "அதுக்கு நேரம் இருக்காதும்மா" என்று சொல்லிவிட்டுக் கல்லை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை ராத்திரி கச்சேரி முடிந்ததும் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கடைசிப் பேண்டின் பாடகர் மைக்கைப் பிடித்து, சவுண்ட் பார்த்தவரின் பெயரைச் சொன்னார். விளக்குப் போட்டவரின் பெயரைச் சொன்னார். டிரம்ஸின் தோலை அன்று மத்தியானம் மாற்றிக் கட்டிக் கொடுத்த பையனின் பெயரைச் சொன்னார். செங்கல் கொண்டுவந்த என் அக்கா மகனின் பெயரையும் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் நாற்பது பேரும் பாட்டுக்குக் கத்திய அதே வேகத்தில் கத்தினார்கள். அவன் வயரைச் சுருட்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டான்.

சபா அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், தலைமை, முன்னிலை, நன்கொடை, உபயம் எல்லாம் இருக்கும். மிருதங்கம் செய்தவரின் பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது. மிருதங்கக் கலைஞரின் பெயருக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்திலாவது, இன்ன ஊர் இன்னார் செய்த மிருதங்கம் என்று ஒரு வரி போடுங்கள். கச்சேரி நடக்கும் நாளில் அவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி ஒதுக்குங்கள். அவர் வந்து உட்கார்ந்தால், தனி தொடங்கும்போது பக்கத்தில் இருக்கிறவருக்கு எழுந்து போக மனசு வராது என்று நம்புகிறேன். இந்த வாரமே எனக்குத் தெரிந்த சபாக் காரியதரிசிகள் எல்லாருக்கும் கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். ஒருவர் போனில் கூப்பிட்டார். வித்வான் பெயர் சொன்னால் நாங்கள் போடத் தயார், யார் செய்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. மிருதங்க வித்வான்களே, சீசனுக்குத் தேதி ஒப்புக்கொள்ளும்போது உங்கள் பெயரோடு அந்தப் பெயரையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.